ஓசி இசைக்கு ஓனர் யாருங்க?

"கையில் காசில்லாமல் தனி ஆளாக வீடியோ கேம் செய்கிறவன் ஏஐ-யிடம் இசை வாங்கினால் என்ன தப்பு?" என்று சிலர் வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள். கலை, ஆன்மா எல்லாம் இருக்கட்டும். காசுக் கணக்கையே பார்ப்போம்.

சுனோ போன்ற கருவியில் நாலு வரி தட்டினால் மெட்டு ரெடி. ஆனால் வெறுமனே தட்டியதற்கெல்லாம் காப்பிரைட் கிடையாது என்று 2025 ஜனவரியில் அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் கையை விரித்துவிட்டது. ஆக, கேம் ஹிட்டானால் அங்கே அந்த மெட்டை எவன் சுட்டாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்!

டோபி ஃபாக்ஸைப் பாருங்கள். 2015-ல் வந்த 'அண்டர்டேல்' கேமும் அவருடையது, இசையும் அவருடையது. அதிலுள்ள 'மெகலோவேனியா' அவர் பல வருடம் முன்பே போட்ட மெட்டு. சொந்தச் சரக்கு, தூசு தட்டி எடுத்துக்கொண்டார். 2022-ல் வாட்டிகனில் போப் முன்னால் சர்க்கஸ்காரர்கள் அந்த மெட்டுக்கு வித்தை காட்டினார்கள் (போப்புக்கு கேம் தெரியுமா என்று கேட்காதீர்கள்). அதன் இசைத்தொகுப்பு தனியாகவே விற்கிறது.

இசை தெரியாதா? கீபோர்டும் கையுமாக அலைகிற பசங்க எத்தனை பேர்! விற்பனையில் பங்கு என்று எழுதிக் கொடுத்து, உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டால் போட்டுத் தர மாட்டார்களா? அந்தப் பங்கையும் அமுக்கத்தான் இந்தப் பஞ்சப்பாட்டு.