லைக் வாங்கும் படமா, பத்து வருஷம் நிற்கும் படமா?

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால், பூநாரைகளைப் பார்க்க வந்த கேமராக்களையும் நிறையவே பார்க்கலாம். பெரிய லென்ஸைத் தோளில் சாய்த்தபடி வருபவர்கள் உண்டு. செல்போனை மட்டும் நம்பி வருபவர்களும் உண்டு. வங்கி, பள்ளிக்கூடம், ஐடி கம்பெனி என்று ஆறு நாள் ஓடிவிட்டு, ஏழாவது நாள் தூக்கத்தை விட்டுக்கொடுத்து வருகிறவர்கள். மதியம் வீடு திரும்பியதும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். எடுத்த ஐந்நூறு படங்களில் பளிச்சென்று இருக்கும் ஒன்று இன்ஸ்டாகிராமுக்குப் போகும். இன்னும் இரண்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். "சூப்பர் ப்ரோ", "வேற லெவல்" என்று நாலு பேர் சொல்வார்கள். மறுநாள் அந்தப் படத்தை யாரும் தேட மாட்டார்கள்; தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.

இதுல என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு எதுவும் இல்லை. பொழுதுபோக்கு என்பதே சந்தோஷத்துக்குத்தானே? ஆனால் அந்தச் சந்தோஷம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வற்றிப்போகிறது? ஆசை ஆசையாக வாங்கிய கேமரா ஏன் இரண்டே வருஷத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது? கேமராவிலும் குறை இல்லை, ஆளிடமும் குறை இல்லை. எடுத்த படத்தைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தில்தான் கோளாறு.

கற்றுக்கொடுத்த பழைய இடம்

இணையத்தில் படம் பகிர்வது இன்ஸ்டாகிராமோடு தொடங்கியதல்ல. கனடாவின் வான்கூவரில் ஓர் ஆன்லைன் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த சிறு நிறுவனம், அதன் துணை விளைவாக 2004-ல் ஃபிளிக்கர் தளத்தைத் தொடங்கியது. விளையாட்டு கைவிடப்பட்டது, படத் தளம் பிழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே யாஹூ அதை வாங்கியது.

ஃபிளிக்கரில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, குழுக்கள். பழைய கதவுகளை மட்டும் எடுப்பவர்கள், ரயில் நிலையங்களை மட்டும் எடுப்பவர்கள், ஒரே ஊரின் படங்களை மட்டும் சேர்ப்பவர்கள் எனச் சின்னச் சின்ன ஆசைகளுக்கும் அங்கே ஆள் கிடைத்தது. இரண்டாவது, படத்தின் கீழே அது எடுக்கப்பட்ட விதமும் தெரிந்தது. எந்தக் கேமரா, என்ன லென்ஸ், ஷட்டர் வேகம் எவ்வளவு, அப்பர்சர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்ற விவரங்களைக் கேமராவே ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். படத்தை எடுத்தவர் மறைக்காதவரை ஃபிளிக்கர் அதை அப்படியே காட்டும். பறக்கும் மீன்கொத்தியின் சிறகு துல்லியமாக விழுந்திருக்கிறது என்றால், அது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தது என்று புதியவர் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பல ஆயிரம் ரூபாய் கட்டிப் படிக்கும் வகுப்பில் சொல்லித்தரும் பாடத்தில் பாதி இதுதான்.

இன்ஸ்டாகிராமில் அதே படத்தைப் போட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. படமும் செல்போன் திரைக்கேற்பச் சுருங்கிவிடும். 2010-ல் வந்தபோது அது சதுரப் படத்துக்கான செயலியாகத்தான் வந்தது. 2016-ல் படங்கள் நேர வரிசைப்படி வருவதை மாற்றி, எது யாருக்குத் தெரிய வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2021-ல் அந்நிறுவனத்தின் தலைவரே, இது இனி படம் பகிரும் செயலி மட்டும் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ரீல்ஸுக்குத்தான் முதல் மரியாதை என்று ஆன பிறகு, நிழற்படம் எடுப்பவர் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி. வீட்டுக்காரர் எந்தச் சுவரை இடித்தாலும் கேட்க முடியாது.

இதற்காக ஃபிளிக்கர் சொர்க்கம், இன்ஸ்டாகிராம் நரகம் என்று சொல்ல வரவில்லை. ஃபிளிக்கரும் கைவிட்ட கதை உண்டு. 2013-ல் எல்லோருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்று அறிவித்தார்கள். நம்பி வாழ்நாள் படங்களையெல்லாம் ஏற்றியவர்கள் ஏராளம். 2018-ல் தளம் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இலவசக் கணக்குக்கு ஆயிரம் படங்கள்தான், மீதி நீக்கப்படும் என்று அதே ஆண்டு அறிவிப்பு வந்தது. கூகுள் போட்டோஸும் 2015-ல் வரம்பில்லாமல் சேமிக்கலாம் என்று தொடங்கி, 2021 ஜூன் முதல் தேதியோடு அந்தச் சலுகையை முடித்துக்கொண்டது. இப்போது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம்.

ஆகவே, "கிளவுட்ல இருக்கு சார், பயமில்ல" என்பது பாதி உண்மைதான். அசல் கோப்பு வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும், அதன் நகல் இன்னொரு இடத்திலும் இருந்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைச் சேமித்து வைத்திருப்பது கணக்கில் வராது. அது படத்தை நசுக்கித்தான் அனுப்புகிறது. யாருக்காவது முழு அளவில் அனுப்ப வேண்டுமானால் ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்ப வேண்டும்.

இன்னொருவருக்குப் பயன்படும் படம்

ஃபிளிக்கர் படங்களை நீக்கியபோது ஒரு வகைப் படங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில், அதாவது ‘என் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறரும் பயன்படுத்தலாம்’ என்ற மாதிரியான நிபந்தனையோடு பகிரப்பட்ட படங்கள் அவை. பலருக்கும் பயன்படுவதாக இருந்ததால் அவை தப்பின.

லைக்குக்காகப் படம் போடுவதில் சலிப்பு வந்துவிட்டவர்கள் முயற்சி செய்ய வேண்டியதும் இந்தப் பக்கத்தைத்தான். விக்கிப்பீடியா கட்டுரைகளில் வரும் படங்களில் பெரும்பாலானவை விக்கிமீடியா காமன்ஸ் என்ற கிடங்கிலிருந்து வருபவை. அதில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. பெரும் பகுதி சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் எடுத்தது. அங்கே ஏற்றப்படும் படம் ஓடையில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி அடித்துக்கொண்டு போகாது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தேதி என்ற விவரத்தோடு, தமிழிலேயே விளக்கம் எழுதி, வகை பிரித்து அடுக்கி வைக்கலாம். பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு மாணவர் அந்த ஊரின் பெயரைத் தேடும்போது படம் வந்து நிற்கும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரை ஒட்டி நடக்கும் ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ என்ற போட்டி இதற்கு நல்ல நுழைவாயில். 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. 2012-ல் இந்தியாவும் சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். தாஜ்மகாலை இன்னொரு தடவை எடுப்பதில் பெரிய லாபமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சூரிய உதயத்தில் எடுத்த படங்களும் போதுமான அளவு இருக்கின்றன. சொந்த ஊருக்குப் பக்கத்தில் முள்செடிக்கு நடுவே நிற்கிற நடுகல், இடிந்துகொண்டிருக்கும் மண்டபம், படிக்கட்டு சரிந்த குளம், இவற்றுக்குத்தான் ஆள் இல்லை. அடுத்த மழைக்குள் சுவர் விழலாம், அடுத்த திருப்பணியில் கல்வெட்டு மேல் சுண்ணாம்பு ஏறலாம். அழகாக எடுக்கத் தெரியாதவர் எடுத்தாலும் அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு.

இதற்குப் பழைய முன்னுதாரணம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ் தயாரித்த காலம் அது. இன்று செல்போனில் பனோரமா பட்டனை அழுத்துகிற ஒருவர், அதே வேலையைத் தன் ஊர்க் கோயில் மதில் சுவருக்குச் செய்ய ஐந்து நிமிஷம் போதும். கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே எங்கே அனுமதி உண்டு என்று கேட்டுக்கொண்டு எடுப்பதே மரியாதை. வெளியே இருப்பதே ஒரு ஆயுசுக்குப் போதும்.

பறவை, பூச்சி, செடி எடுப்பவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் முதுகலைப் படிப்புக்காகச் செய்த திட்டம்தான் இன்றைய ஐநேச்சுரலிஸ்ட். பெயர் தெரியாத வண்ணத்துப்பூச்சியைப் படமெடுத்துப் போட்டால், தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரப் பதிவாகிறது. அங்கே "செம" என்று யாரும் சொல்வதில்லை; "பின் இறக்கையின் அடிப்பக்கம் தெரியற மாதிரி இன்னொரு படம் இருக்கா?" என்கிற மாதிரிதான் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அடுத்த ஞாயிறு மறுபடி கிளம்புகிறவர், கேமராவைப் பீரோவில் வைக்க மாட்டார். இபேர்டு தளத்தில் பறவைப் பட்டியலோடு படத்தையும் இணைக்கலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அதில்தான் பதிவாகிறது. மொட்டை மாடியில் நின்று காக்கா, மைனா எண்ணினாலும் அது கணக்குத்தான்.

"என் படத்தை யாராவது திருடிட்டா?"

பொது உரிமம் என்றதும் வருகிற முதல் பயம் இது. நியாயமான பயம்தான். இந்தியச் சட்டப்படி படத்தை எடுத்தவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். காமன்ஸில் ஏற்றினாலும் உரிமை கைமாறுவதில்லை. பயன்படுத்த அனுமதி மட்டும் தரப்படுகிறது. ஆனால் அந்த அனுமதியில் வணிகப் பயன்பாடும் அடக்கம், பிறகு திரும்பப் பெறவும் முடியாது. இதைப் படித்துப் புரிந்துகொண்டு ஏற்ற வேண்டும். படம் விற்றுச் சாப்பிடுகிறவர் தன் சிறந்த படத்தை அங்கே கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொழுதுபோக்குக்காக எடுப்பவருக்கு என்ன நஷ்டம் என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும்போதே, தங்கள் படத்தை உலகம் முழுக்கக் கட்டணமின்றிப் பயன்படுத்த அந்த நிறுவனத்துக்கு அவர்கள் அனுமதி கொடுத்தாகிவிட்டது. அதைப் படிக்காமல் ‘ஓகே’ அழுத்தியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற கலைக்களஞ்சியத்துக்குக் கொடுக்கத் தயங்குவது விசித்திரம்.

படத்தைத் திருத்தும் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. செல்போனுக்கு ஸ்னாப்சீட், கணினிக்கு டார்க்டேபிள், கிம்ப் எல்லாம் இலவசம். வானத்தை மாற்றி ஒட்டுவது, இல்லாத நிலாவைக் கொண்டுவருவது போன்றவற்றை மட்டும் பதிவுக்காக எடுக்கும் படத்தில் செய்யக் கூடாது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. படக் கோப்புக்குள் எழுதப்படும் விவரங்களில் ஜிபிஎஸ் இருப்பிடமும் சேரலாம். ஃபிளிக்கரிலும் காமன்ஸிலும் அது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியக்கூடும். மண்டபத்துக்கு அது நல்லது, கூடு கட்டியிருக்கும் அரிய பறவைக்கு ஆபத்து. அதனால்தான் கூட்டில் இருக்கும் பறவைகளின் படங்களைப் பல பறவைக் குழுக்கள் ஏற்பதே இல்லை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிவிடுகிறது. ஆனால் கொல்லைப்புறத்துச் செண்பகத்தை எடுத்துப் போடுகிறவரின் வீட்டு வாசலை அது தானாக மறைக்காது. இடத்தை மறைக்கும் தெரிவு, பதிவேற்றும் பக்கத்திலேயே இருக்கிறது.