வாடகை வண்டியும் குதூரியின் வாடகைப் பாடமும்



சென்ற ஆண்டு குற்றாலச் சாரல் தொடங்கிய வாரத்தில், சிங்கப்பூரில் பணிபுரியும் என் சகோதரியின் மகன் பத்து நாள் விடுப்பில் தென்காசிக்கு வந்திருந்தான். வயது இருபத்து நான்கு. அருவிகளுக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்றான். சீசன் காலத்தில் நம் பகுதியில் வண்டி வாடகைக்கு விடுவோர் பலர். அவர்களுள் ஒருவர் என்னிடம் ஐந்தாண்டுகள் ஓதிய மாணவர். அவரிடமே அழைத்துச் சென்றேன். நாளொன்றுக்கு 700 ரூபாய் வீதம் ஐந்து நாள் வாடகை 3,500 ரூபாயை முன்பணமாகவே கொடுத்தோம். ஒப்பந்தம் எழுதவில்லை. "குற்றாலம் சுற்றத்தானே ஹஜ்ரத், எடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் ஐந்தருவியிலிருந்து திரும்பும்போது நானும் பின்னால் அமர்ந்திருந்தேன். தலைக்கவசம் ஒன்றே தந்திருந்தார்கள். அதை மருமகன் அணிந்திருந்தான், நான் தொப்பியோடு இருந்தேன். சாரலில் சாலை நனைந்து கிடந்தது. முன்னால் சென்ற வேன் சட்டென நின்றது. மருமகன் பிரேக்கை மிதித்தான். பெடல் அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. வேனைத் தவிர்க்க ஒடித்ததில் சரிந்து விழுந்தோம். அல்ஹம்துலில்லாஹ், எனக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. அவனுக்கு இடது காறை எலும்பு முறிந்தது.

விழுந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஒருவர் பின்சக்கரத்து டிரம் பிரேக்கைக் காட்டினார். பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டு, மரை முடியும் மட்டும் திருகப்பட்டிருந்தது. லைனிங் தேயத் தேய அந்த நட்டைத் திருகித்தான் பிரேக்கைச் சரிக்கட்டுவார்களாம். மரையே மிச்சமில்லை என்றால் உள்ளே லைனிங்கும் மிச்சமில்லை என்று பொருள். குனிந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பின் டயரோ உள்ளங்கை போல வழுவழுப்பாக இருந்தது. அதை நான் வண்டி எடுக்கும்போதே கவனித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மாணவரிடம் எப்படிக் கேட்பது என்ற தாட்சண்யத்தில் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி அமர்ந்துவிட்டேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

பிறகு பணத் தகராறு வந்தது. மாணவர் பழுதுச் செலவு 6,000 ரூபாய் என்றார். மருமகன், "பிரேக் இல்லாத வண்டியைக் கொடுத்தது அவர், நான் ஏன் தரணும் மாமா?" என்றான். இருவரும் என்னையே தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். ஆளுக்குப் பாதி என்று 3,000 ரூபாயைக் கொடுக்க வைத்து, ஸுல்ஹு ஆகிவிட்டதென்று எழுந்து வந்தேன். அந்தத் தீர்ப்பு தவறு என்று இப்போது கருதுவதாலேயே இதை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 428ல் வஃபாத்தான இமாம் குதூரி அவர்களின் நூலை ஓதாத ஹனஃபி மதரஸா நம் பகுதியில் அரிது. அதன் வாடகைப் பாடத்தை வெறும் பழங்கதையாகக் கடந்துவிடுகிறோம். அதில் வருபவை சவாரிப் பிராணிகளும் சுமைப் பிராணிகளும்தான். ஆனால் கேள்விகள் அனைத்தும் இன்றைய வாடகைக் கடைக் கேள்விகள். வாடகைக்கு எடுத்தவன் கையில் பொருள் அமானிதம்; அவன் வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோ மட்டுமே ஈட்டுக்குப் பொறுப்பாவான். ஒருவர் ஏறிச் செல்லப் பிராணியை எடுத்துவிட்டு, பின்னால் இன்னொருவரையும் ஏற்றி, அது இறந்துபோனால் விலையில் பாதி அவர் பொறுப்பு. பேசிய எடைக்கு மேல் சுமை ஏற்றினாலும் பொறுப்பு. கடிவாளத்தைச் சுண்டி இழுத்ததால் இறந்தால்கூட இமாம் அபூ ஹனீஃபா அவர்களிடத்தில் பொறுப்பு உண்டு. வழக்கமான அளவுக்கு இழுத்திருந்தால் இல்லை என்பது அவர்களின் இரு மாணவர்களின் கருத்து. வண்டியை முறுக்கி ஓட்டும் இளைஞர்களுக்கு இந்த ஒரு மஸ்அலாவே போதும்.

இனி என் மருமகனுக்கு எதிரான செய்தி. ஹிதாயாவில், இராக்கின் ஹீரா வரை செல்லப் பிராணியை எடுத்தவன் அதைக் கடந்து காதிசிய்யா வரை போய், மீண்டும் ஹீராவுக்குத் திரும்பிய பின் அது இறந்தால், அவன் பொறுப்பாளி என்று வருகிறது. வரம்பை மீறியவன் திரும்பி வந்ததால் மட்டும் அமானிதக்காரன் ஆகிவிடுவதில்லை. என் மருமகன் இரண்டாம் நாள் என்ன செய்தான்? செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, கேரளத்து ஆரியங்காவைத் தாண்டிப் பாலருவிக்குப் போய் வந்திருக்கிறான். கொல்லம் செல்லும் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் சுமை லாரிகளுக்கு நடுவே, அதே பிரேக்கோடு! பேசியது குற்றாலம், போனது வேறு மாநிலம். நமக்குக் குற்றாலம் ஹீரா, பாலருவி காதிசிய்யா. ஆகவே விழுந்ததால் வண்டிக்கு நேர்ந்த சேதத்தை அவன் தரத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நான் பின்னால் அமர்ந்ததில் குற்றமில்லை. நாங்கள் இருவர் செல்வது மாணவருக்குத் தெரியும்.

ஆனால் எது சேதம்? இரண்டு மாதம் கழித்து மருமகன் அந்தப் பில்லின் படத்தை அனுப்பினான். முகப்பு விளக்கு, ஹேண்டில்பார், கண்ணாடி, கால்தாங்கி ஆகியவற்றுக்குக் கூலியோடு 1,800 ரூபாய். மீதி 4,200 ரூபாய் புது பிரேக் ஷூவுக்கும் செயின் செட்டுக்கும் பின் டயருக்கும். இவை விழுந்ததால் தேய்ந்தவை அல்ல, தேய்ந்திருந்ததால்தான் விழுந்தோம். குடியிருக்க இடையூறான பழுது இருந்தால் வாடகைதாரர் வீட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று குதூரியே சொல்கிறது. பஹ்ரைனிலிருந்து இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் அமைப்பு, வாடகை குறித்த தன் ஒன்பதாம் ஷரீஅத் நெறிமுறையில், பொருளைப் பயன்படத்தக்க நிலையில் வைத்திருக்கும் பெரிய பராமரிப்பு உரிமையாளருடையது, அதை வாடகைதாரர் மீது நிபந்தனையாகக்கூடச் சுமத்த இயலாது என்கிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த சம்பவத்தை முஸ்லிமில் காண்கிறோம். வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு, தேய்ந்த லைனிங்கைச் சொல்லாமல் விடுவது அதே ஈரத்தானியம்தான். முறிந்த எலும்புக்கு அவர் இறைவனிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாட்டுச் சட்டத்தையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் 1997ல் இருசக்கர வாகன வாடகைக்கென ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி உரிமம் பெற்றவரே வாடகைக்கு விடலாம். அத்தகைய வண்டியின் எண் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். சீசனில் நாம் காண்பவற்றுள் வெள்ளைப் பலகை வண்டிகளும் இருக்கின்றன, அதாவது சொந்த உபயோகத்துக்கெனப் பதிவானவை. அவற்றின் காப்பீடும் சொந்த உபயோகத்துக்கே. வாடகைக்கு ஓடியபோது விபத்து என்றால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. "சீசன்ல நாலு காசு பார்க்கிறோம், ஹலாலான வருமானம்தானே" என்று கேட்கும் சகோதரர்கள், ஒரு வழிப்போக்கர் மீது அந்த வண்டி மோதினால் அவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்பதையும் யோசிக்கட்டும்.

எங்கள் தரப்பிலும் மறைப்பு இருந்தது. மருமகனிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் இருந்தது உண்மை. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் அந்தப் புத்தகத்தில் 'ஏ' பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு, 'பி' பிரிவு காருக்கு. அவனுக்கு முத்திரை 'பி'யில் மட்டுமே இருந்தது. மாணவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் எடுத்து வந்த பயணக் காப்பீடு இந்தக் காரணத்தாலேயே கைகொடுக்கவில்லை. மருத்துவச் செலவு முழுதும் சகோதரி வீட்டாரின் தலையில் விழுந்தது. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சிங்கப்பூர், மலேசியாவோடு தொடர்புள்ளவை. விடுமுறைக்கு லங்காவி, புக்கெட் என்று செல்லும் நம் பிள்ளைகள் அங்கேயும் ஸ்கூட்டரை இப்படித்தான் எடுக்கிறார்கள். சில கடைகளில் பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்பார்கள். தரக்கூடாது, இந்தியப் பாஸ்போர்ட் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் உடைமை, நாம் அடகு வைக்கும் பொருளன்று. ரொக்கமாக முன்பணம் கட்டுங்கள். வண்டியைச் சுற்றி நடந்து, இருக்கும் கீறல்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தெருவுக்குள் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். எங்கெங்கே போகலாம் என்பதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்று நபிமொழி இருக்கிறதே.

கணக்குக்கு வருவோம். மருமகன் தர வேண்டியது 1,800, தந்தது 3,000. ஆக 1,200 அதிகம். ஓட்டாத இரண்டு நாள் வாடகை 1,400. மொத்தம் 2,600 ரூபாய் திரும்ப வர வேண்டும் என்று சென்ற மாதம் மாணவரிடம் சொன்னேன். வாடகை 1,400ஐ அன்றே தந்துவிட்டார். மற்ற 1,200ஐப் பற்றி, "ஸுல்ஹு முடிஞ்ச பிறகு அதைத் திருப்பிப் பேச முடியாதுன்னு நீங்கதானே ஹஜ்ரத் எங்களுக்கு ஓதிக் கொடுத்தீங்க" என்றார். பில்லின் விவரம் தெரியாமல் செய்த ஸுல்ஹு அது என்றேன் நான். பில்லை அன்றே மேசையில் வைத்தேன், நீங்கள்தான் பார்க்கவில்லை என்றார் அவர். அதுவும் உண்மை. இருவரும் சேர்ந்து எங்கள் பெரிய ஹஜ்ரத்திடம் கேட்பதென்று முடிவாகியிருக்கிறது. வரும் ஜும்ஆவுக்குப் பின் நேரம் தந்திருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.