பீர்பாலில் தொடங்கிய கவிஞர்

யூனிஸ் டி சூஸாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1979இல் வெளிவந்த 'ஃபிக்ஸ்' கவிதைத் தொகுப்பிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அப்போது அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1969இல், பீர்பால் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகமாக்கிவிட்டார். பிறகு இமயமலைக் கதைகள் வந்தன, இன்னொரு பீர்பால் புத்தகமும் வந்தது. பிற்காலத்தில் இந்திய நாட்டுப்புறக் கதைகள் நூற்றொன்றைத் திரட்டிச் சிறுவர்களுக்குத் தந்தார். அவரைக் குறித்த கட்டுரைகளில் இந்த நூல்களின் பெயர்கள் கடைசி வரியில் வரும், அல்லது வராமலே போகும்.

1940 ஆகஸ்ட் 1ஆம் தேதி புனேயில் ஒரு கோவா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மூன்று வயதில் தந்தையை இழந்தார். அன்றைய பூனா இரண்டு ஊர். பேட்டைகளில் மராத்தி, கேம்ப் என்கிற ராணுவக் குடியிருப்புப் பகுதியில் ஆங்கிலம், தேவாலயம், பேக்கரி. போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர், இந்து முன்னோர், வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலம் என்ற கலவையில் வளர்ந்த ஒரு பெண் தன்னை எங்கே பொருத்திக்கொள்வது? இந்தக் கேள்வியை அவர் கவிதைகள் அழுதுகொண்டு கேட்பதில்லை. உதட்டோரச் சிரிப்போடு கேட்கின்றன.

அமெரிக்காவின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் முதுகலை, மும்பையில் முனைவர் பட்டம். செயிண்ட் சேவியர் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து, துறைத்தலைவராகவும் இருந்தார். 'ஃபிக்ஸ்' தொகுப்பைக் கொண்டுவந்தது பெரிய பதிப்பகம் அல்ல. அவருடைய மாணவி மெலனி சில்கார்டோவும் நண்பர்களும் கூட்டாக நடத்திய நியூகிரவுண்ட் என்ற சிறு முயற்சி அது. ஆசிரியையின் முதல் தொகுப்பை மாணவி பதிப்பிப்பது, கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்துகிற யாருக்கும் புரியக்கூடிய சந்தோஷம். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2012இல், அதே இருவரும் சேர்ந்து பெங்குவினுக்காக இந்தியக் கவிதைத் தொகைநூல் ஒன்றைத் தொகுத்தார்கள்.

அவர் கவிதை எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. பெண் பார்க்கும் படலத்தைச் சொல்லும் ஒன்றில், மணப்பெண்ணின் குடும்ப நோய்கள் முதல் பல்வரிசை வரை அனைத்தும் சோதிக்கப்படுகின்றன. கவிஞர் கோபப்படுவதே இல்லை, பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இன்னொன்று பெண்களுக்குப் பூனை வளர்க்கச் சொல்லும் யோசனை. காதலர்களின் அலட்சியத்தைத் தாங்க அது பயிற்சியாம்.

இந்தச் சிக்கனத்தைப் பீர்பாலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அவருடைய கதை ஒன்றில், குளிர்ந்த குளத்தில் இரவெல்லாம் நின்றவனுக்குத் தூரத்து விளக்கு சூடு கொடுத்துவிட்டது என்று பரிசை மறுக்கிறார்கள். பீர்பால் வாதாடுவதில்லை. உயரத்தில் பானையைக் கட்டி, கீழே தீமூட்டி, கிச்சடி வேகட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் நின்று கதாசிரியர் விளக்கம் சொன்னால் கதை கெட்டது. அதிகாரத்தின் முன்னால் குரலை உயர்த்தாமல் குத்துகிற இந்தக் கலை 'ஃபிக்ஸ்' கவிதைகளிலும் இருக்கிறது. குழந்தைகளுக்கு எழுதிய கை கவிதைக்கு வந்தபோது எதையும் இழக்கவில்லை.

கவிஞர்கள் குழந்தைகளுக்கும் எழுதுவது மராத்திக்குப் புதிதல்ல. கோதேயின் ஃபாவுஸ்டையும் அரிஸ்டாட்டிலின் கவிதையியலையும் மராத்திக்குக் கொண்டுவந்த, ஞானபீடம் பெற்ற விந்தா கரந்தீகர், முயல் காதையும் தேவதையையும் வைத்துக் குழந்தைப் பாடல்கள் எழுதினார். அதற்காக அவரை யாரும் இரண்டாம் வரிசையில் உட்காரவைக்கவில்லை. புனேயின் மாதுரி புரந்தரே ஓவியர்; பெக்கெட்டின் நாடகத்தை மராத்தியில் தந்தவர்; படக்கதைப் புத்தகங்களும் அவர் கையால்தான் வருகின்றன.

தமிழில் கதை வேறு. பாரதி பாப்பாவுக்குப் பாடினார், கவிமணி பாடினார், பாரதிதாசன் இளைஞர் இலக்கியம் தந்தார். அந்த வரிசை பிறகு இரண்டாகப் பிளந்தது. வங்கி வேலை பார்த்துக்கொண்டே அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1959இல் சி.சு. செல்லப்பா, புதுக்கவிதைக்குக் களமான 'எழுத்து' சிற்றிதழைக் கொண்டுவந்தார். இரண்டு முகாம்களுக்கும் பேச்சுவார்த்தை இருந்ததாகத் தெரியவில்லை. புதுக்கவிதை சந்தத்தை விட்டொழித்தது. குழந்தைப் பாடலோ சந்தத்தில்தான் உயிர்வாழ்கிறது. ஆகவே நல்ல கவிஞன் குழந்தைக்கு எழுதமாட்டான் என்று ஒரு வழக்கம் நிலைத்தது. அதை வளர்த்ததில் சிற்றிதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனையோ சிறப்பிதழ் போட்டவர்கள் சிறார் எழுத்துக்கு ஒரு மதிப்புரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. யூமா வாசுகி போன்ற விதிவிலக்குகள் உண்டு. 'குதிரை வீரன் பயணம்' என்ற சிற்றிதழை நடத்திய கவிஞர், சிறார் கதைகளுக்காக 2024இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். விதிவிலக்கு ஒரு கை விரலுக்குள் அடங்குவதுதான் வருத்தம்.

சந்தம் ஒரு சாக்கு. யூனிஸ் குழந்தைகளுக்கு எழுதியது உரைநடைக் கதைகளை. உரைநடை எழுதத் தெரியாத கவிஞர் தமிழில் இன்று யார்? எழுதாமலிருந்தால் இழப்பு கவிதைக்கும்தான். யூனிஸ் பிறந்த புனேயின் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒரு பிள்ளை எட்டு வயதில் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கத் தொடங்கிவிட்டால், இருபது வயதில் நவீன தமிழ்க் கவிதையைத் தேடி வரும் என்று எந்த நம்பிக்கையில் காத்திருப்பது?

2017 ஜூலை 29 அன்று, எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில், யூனிஸ் டி சூஸா காலமானார். அவருடைய கவிதைகளை மொழிபெயர்க்க முன்வருகிறவர்கள் அந்தப் பீர்பால் புத்தகங்களையும் ஒருமுறை தேடி எடுத்துப் புரட்டவேண்டும். அடுத்த இதழிலிருந்து இந்தப் பத்திரிகையின் கடைசி நான்கு பக்கங்கள் சிறார் எழுத்துக்கு. கவிஞர்கள் எழுதி அனுப்பலாம். நீதி போதனை மட்டும் வேண்டாம்.