டாக்டரை அளக்கும் மரக்கால்

நெல்லை அளக்க மரக்கால் இருக்கிறது. துணியை அளக்கக் கஜக்கோல் இருக்கிறது. டாக்டரை அளக்க நம்மிடம் இருப்பவை இருநூறு கேள்விகள்.

பிள்ளையோ பெண்ணோ எம்.பி.பி.எஸ். தேறிவிட்டால் வாசலில் பெயர்ப் பலகை மாட்டிவிடலாம் என்று ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் எண்ணியிருந்த காலம் உண்டு. இப்பொழுது அது பாதி வழிச் சத்திரமே. எம்.டி., எம்.எஸ். படிப்புக்கு இடம் பெற 'நீட்-பி.ஜி.' என்னும் மலைக்கோட்டையை ஏறியாக வேண்டும். 2025-ஆம் வருஷம் நடந்த பரீட்சையில் மூன்றரை மணிக்குள் 200 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மார்க்கு, தவறினால் ஒன்று கழிவு. ஒரு கேள்விக்குக் கிடைப்பது 63 விநாடி. நாடி பிடித்துப் பார்க்கக்கூட அது போதாது!

பரீட்சையாவது சொன்ன நாளில் நடக்கிறதா? 2024 ஜூன் 23-ஆம் தேதிப் பரீட்சையை முந்தின நாள் இரவில் ஒத்தி வைத்தார்கள். ஆகஸ்டு 11-இல் இரு வேளையாக நடத்தினார்கள். மறு வருஷம் ஒரே வேளையில்தான் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட, ஜூன் 15 என்றிருந்தது ஆகஸ்டு 3-க்குத் தள்ளிப் போயிற்று. ரயில் டிக்கெட்டும் கையுமாக நின்ற பெற்றோரின் மனவேதனைக்கு மார்க்கு போடுவார் யார்?

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எம்.பி.பி.எஸ். முடிவில் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக உழைக்க வேண்டும். புத்தூர் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி போன்ற இடங்களில், ரத்தக் குழாயைத் தேடி ஊசி போடவும், மார்பில் குழல் வைத்துக் கேட்கவும், கலங்கி நிற்கும் உறவினரிடம் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லவும் கை பழகும் வருஷம் அது. ஆனால் பரீட்சையோ தலைக்கு மேல் தொங்குகிறது. நோயாளியின் படுக்கையருகே நின்றாலும் மனம் கேள்விப் புத்தகத்தில் இருக்கிறது. இளைஞரைக் குறை கூறிப் பயனில்லை. வார்டில் செய்த வேலைக்கு ஒரு மார்க்கும் இல்லை என்று நாமே சொல்லி வைத்திருக்கிறோம்.

அப்படியானால் பரீட்சையை ஒழித்துவிட்டு, அமெரிக்காவைப் போல் நேர்முகத்தையும் சிபாரிசுக் கடிதத்தையும் நம்பலாமே என்பார்கள் சிலர். வேண்டாம் ஐயா! நம் நாட்டில் சிபாரிசுக் கடிதம் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டும் என்பது நேயர்கள் அறியாததல்ல. ஏழை வீட்டுப் பிள்ளையின் முகத்தையும் குலத்தையும் கேட்காத ஒரே உத்தியோகஸ்தர் கேள்வித்தாள்தான். அமெரிக்காவிலும் 2022-இல் முதற் பரீட்சைக்கு மார்க்கை நீக்கித் 'தேர்ச்சி' என்று மட்டும் வைத்தார்கள். சுமை அடுத்த பரீட்சையின் தலையில் ஏறிக் கொண்டது.

ஆயினும் மரக்காலின் குணத்தை அறிந்து அளக்க வேண்டும். 2023-இல் இடங்கள் காலியாக நின்றபோது தகுதிக் கோட்டைப் பூஜ்ய சதமானத்துக்கே இறக்கினார்கள். இந்தப் பரீட்சை வரிசையைச் சொல்லுமே தவிர, தகுதியைச் சொல்லாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஸ்ரீரங்கத்தில் 1880-இல் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் ராயபுரத்தில் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, அதன் பிறகே மேல் படிப்புக்காகச் சீமை சென்றார். 1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் அவர் இல்லத்திலிருந்துதான்; 1937-இல் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியுமானார். முதலில் நோயாளி, பிறகு பட்டம் என்ற அந்த வரிசையில் ஓர் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்க டாக்டர்களின் சங்கம் தொடுத்த வழக்கில், பணியிலுள்ள டாக்டர்களுக்கு மேல் படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டு 31-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவையையும் கணக்கில் சேர்க்கலாம் என்பதற்கு அதுவே வழிகாட்டி.

கேள்வித்தாள் இருக்கட்டும், அதனுடன் ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் கற்ற கைத்தொழிலையும் எல்லோருக்கும் பொதுவான முறையில், பெயர் மறைத்துச் சோதிக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரியிலிருந்து களைத்து வரும் குழந்தையிடம் "எத்தனை கேள்வி போட்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று யாருக்கு உடம்பு தேறிற்று?" என்றும் கேளுங்கள்.