இல்லாத பெட்டிக்கு லைசென்சா?

சென்ற வாரம் சிவகாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தோழர் விருதுநகருக்கு வந்து நம்மைக் கண்டார். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை வேலை பார்ப்பவர். கடன் வாங்கிப் படிக்க வைத்த அவருடைய மகன் இன்று லண்டனில் உத்தியோகத்திலிருக்கின்றான். அவன் குடியிருக்கும் வீட்டிற்குக் காகிதத்தின் மேல் காகிதமாக வருகின்றதாம். “இந்த விலாசத்திற்கு டெலிவிஷன் லைசென்சு இல்லை, விசாரிக்க ஆள் வரும், அபராதம் 1,000 பவுண்டு வரை போடலாம்” என்று அதில் கண்டிருக்கின்றதாம். காகிதத்தில் பையனின் பேர் கூட இல்லை; ‘குடியிருப்பவர்’ என்று மட்டுமே இருக்கின்றது. வீட்டிலோ டெலிவிஷனே கிடையாது.

“அய்யா, சர்க்கார் காயிதமாச்சே, நமக்கெதுக்கு வம்பு? கட்டித் தொலைச்சிரச் சொல்லவா?” என்று தோழர் கேட்டார்.

கட்ட வேண்டாமென்று சொன்னோம். நமது ஜில்லாவிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போகின்ற பிள்ளைகள் இன்று அநேகராகையால், ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை மற்றவர்களும் தெரிந்து கொள்ளட்டுமென்று எழுதுகின்றோம்.

இங்கிலாந்துச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். எந்தச் சானலானாலும் சரி, ஒளிபரப்பாகும் நேரத்திலேயே அதைப் பார்ப்பவன் லைசென்சு வாங்க வேண்டும். 2016 செப்டம்பர் முதல் பிபிசியின் ஐபிளேயரில் பார்ப்பதற்கும் அப்படியே. இந்தக் கட்டணம் 2025 ஏப்ரலில் வருஷத்திற்கு 174 பவுண்டு 50 பென்சு ஆக்கப்பட்டது. இவற்றில் எதையும் பார்க்காதவனுக்கு லைசென்சும் வேண்டியதில்லை, அந்தக் காகிதத்திற்குப் பதில் எழுத வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்று: பெட்டி இல்லாவிட்டாலும், கைபேசியில் நம்மூர்த் தமிழ்ச் சானலையோ கிரிக்கெட் பந்தயத்தையோ நேரலையாகப் பார்த்தால் அதற்கும் லைசென்சு வேண்டும். அதை மகனிடம் முதலில் கேட்டு நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள் என்று தோழரிடம் சொன்னோம். அங்கேயே போன் போட்டுக் கேட்டார். பையன் அப்படி எதையும் பார்ப்பதில்லையாம். வேலை முடிந்து வந்தால் தூங்கத்தான் நேரமிருக்கின்றதாம்.

நிற்க. கதவைத் தட்ட வருகின்றவன் யார்? போலீசுகாரனல்ல, வசூலைக் கண்டிராக்டு எடுத்த கம்பெனியின் ஆள். மாஜிஸ்திரேட்டின் வாரண்டு இல்லாமல் அவன் வாசற்படியைத் தாண்ட அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அவனோடு பேச வேண்டுமென்பதுமில்லை. இது தெரியாமல், உத்தியோகஸ்தன் என்ற பயத்தில் கதவைத் திறந்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, நீட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் பிறகு முழிப்பதில்தான் ஆபத்திருக்கின்றது. 2017இல் இந்தக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 100க்கு 70 பேருக்கு மேல் பெண்கள். ஆண்கள் எல்லோரும் யோக்கியர்கள், பெண்கள்தான் திருட்டுத்தனமாகப் பார்க்கின்றார்கள் என்பதா இதற்கு அர்த்தம்? ஆள் வருகின்ற நேரத்தில் வீட்டிலிருந்து கதவைத் திறக்கின்றவள் பெண். அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். எந்த வீட்டில் பெட்டி ஓடுகின்றது என்று தெருவிலிருந்தபடியே கண்டுபிடிக்கும் வண்டி இருக்கின்றதென்று 1952 முதல் அங்கே ஜனங்களை மிரட்டி வருகின்றார்கள். அது எப்படி வேலை செய்கின்றது என்பது மட்டும் பரம ரகசியம். களவு போன நகையை மை போட்டுப் பார்த்துச் சொல்கின்றவனிடம், “எங்களுக்கும் கொஞ்சம் காட்டப்பா” என்றால் அவன் என்ன சொல்லுவானோ அதுவேதான் இங்கும் கிடைக்கின்ற பதில்.

இந்த நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளைக்கார சர்க்கார் 1933இல் போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்சில்லாமல் ரேடியோ வைத்திருந்தால் முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் அகப்பட்டால் 250 வரை. ஒருவன் ஆதிக்கத்திலுள்ள இடத்தில் கருவி இருந்தால், அது அவனுடையதென்றே கோர்ட்டு அநுமானம் செய்து கொள்ளலாமென்றும், அதிகாரம் கொடுக்கப்பட்ட உத்தியோகஸ்தன் சந்தேகப்பட்ட இடத்தில் புகுந்து சோதிக்கலாமென்றும் அதில் எழுதி வைத்தார்கள். தன் ஊரிலிருப்பவன் கதவுக்கு மாஜிஸ்திரேட்டுக் காவல், நம் கதவுக்கு அதுவுமில்லை! நமது தகப்பனார் வருஷந்தோறும் தபாலாபீசில் ரேடியோ லைசென்சுப் புத்தகத்தை நீட்டிப் பணங்கட்டி முத்திரை வாங்கி வந்ததாகச் சொல்லுவார். அந்தப் புத்தகம் இன்னும் வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றது. ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் இந்த லைசென்சு 1985இல்தான் இங்கே ஒழிந்தது.

லைசென்சே கூடாதென்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். சிவகாசிக்காரனுக்கு லைசென்சின் அருமையை வேறொருவன் சொல்லித்தர வேண்டியதில்லை. அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று அதில் எழுதியிருப்பது தொழிலாளியின் உயிர். அது காகிதத்தோடு நின்று போனால் என்னவாகுமென்பதை 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் கண்டோம். சுமார் 40 பேர் கருகி மாண்டார்கள். நெருப்பிருக்கின்ற இடத்தில் அதிகாரி கதவைத் தட்ட வேண்டும், தினந்தினம் தட்ட வேண்டும். பெட்டி கூட இல்லாத வீட்டில் அவனுக்கு என்ன வேலை என்றுதான் கேட்கின்றோம்.

ஜெர்மனியில் 2013 முதல் வேறு வழி செய்துவிட்டார்கள். பெட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக் கொள்ளுகின்றார்கள். பார்க்காதவனும் கொடுப்பது நியாயமாவென்று கேட்டால், நியாயமில்லைதான். என்றாலும் வரியை வரியென்று சொல்லி வாங்குகின்றவன், இல்லாத ஒன்றை இல்லையென்று ருஜுப்படுத்து என்று ஒருவனைக் கூண்டிலேற்றுகின்றவனை விட எவ்வளவோ மேல். இருக்கின்றதென்று சொல்லுகின்றவனல்லவா காட்ட வேண்டும்? பேய் இல்லையென்பதை நீ காட்டு என்று நம்மிடம் வருகின்றவர்களுக்கும் இதே பதிலைத்தான் இத்தனை காலமாகச் சொல்லி வருகின்றோம்.

தோழரின் மகனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தோம். “லைசென்சு தேவையில்லை என்று அவர்களுக்கு ஒரு தடவை எழுதிப் போட்டால் சில காலம் தொல்லையிராது, எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். ஆள் வந்தால் கதவுச் சங்கிலியை எடுக்காமலே, வாரண்டு இருக்கின்றதா என்று மரியாதையாகக் கேள்; இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உன் வேலையைப் பார்.” தோழர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிவகாசி பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.