நிற்கவும் நடக்கவும் இந்தி, சாவதற்கு மட்டும் தமிழா?

பொருநைக் கரையில் கார் அறுவடை முடிந்து, பிசான நடவுக்கு வயலை உழுது மரம் அடிக்கும் நாளில் ஒரு மகன் படைப்பயிற்சிக்குப் புறப்படுகின்றான். பிசானம் கதிர் முற்றி அரிவாளுக்கு வரும்போதுதான் பெற்றோர் அவன் முகத்தை மீண்டும் காண்பர். இடையே ஏறத்தாழ ஆறு திங்கள். (தாமிரபரணி என்னும் வடசொல்லாற் பலரும் வழங்கும் அவ்வாற்றின் தமிழ்ப்பெயர் பொருநை என்பதை இவ்விதழ் படிப்போர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. நினைவூட்ட வேண்டியவர் வேறிடத்தில் உளர்.)

சேரன்மாதேவி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சி, பத்தமடை என எவ்வூரை எடுத்துக் கொண்டாலும் அவ்வீடு ஒன்றுபோலவே இருக்கும். தந்தை வயற்கூலி. தாய் பீடி சுற்றுபவள், அல்லது பாய் முடைபவள். மகன் நெல்லைச் சந்திப்பிலே தொடர்வண்டி ஏறிய அன்றிரவு, உலையிலிடும் அரிசியில் ஒரு கைப்பிடி குறைக்க மறந்து போகின்றாள் தாய். மறுநாள் அந்த மிகுதிச் சோற்றில் நீரூற்றும்போது அழுகை வருகின்றது. தந்தை அழுவதில்லை. ஆற்றங்கரைக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்து விட்டு வருகின்றார். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாடோறும் ஒரு கோடு விழுகின்றது. கைப்பேசி பயிற்சியாளன் கையில் எப்போதும் இருப்பதில்லை. கொடுக்கப்படும் சிறு பொழுதில்தான் பேச்சு. "சாப்பிட்டியாய்யா?" என்று தாய் கேட்பாள். "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேன்" என்பான் மகன். கால் கொப்புளத்தை அவன் சொல்வதில்லை. தந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதை இவள் சொல்வதில்லை. இருபுறமும் மறைத்துக் கொண்டு, இருபுறமும் அதனை அறிந்தே பேசும் பேச்சு அது.

இப்பெற்றோர்க்கு ஆறுதல் கூற வருவோர் யாவர்? மேடைப் பேச்சாளர் முதலில் வருகின்றனர். புறநானூற்றுத் தாயை இழுத்து வந்து நிறுத்துகின்றனர். தமையனையும் கணவனையும் போரில் இழந்த பின்னும் ஒரே மகனைக் களத்திற்கு விடுத்த பெண்ணை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார்; அம்மரபில் வந்தவள் நீ, கண்ணீர் விடலாமா என்கின்றனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் அப்பேச்சாளருள் எத்தனைபேர் தம் மகனைப் படைக்கு விடுத்தனர் என்று அத்தாய் கேட்பதில்லை. கேட்டால் மேடை ஒழிந்துவிடும். அதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மாசாத்தியார் பாடிய தாய் தன் மண்ணிற் கேட்ட போர்ப்பறைக்கு மகனை விடுத்தாள். அவனை அழைத்த அரசனும், அவனோடு நின்ற படைஞரும், அவனுக்கிட்ட ஆணையும் தமிழ். இன்றைத் தாய் தன் மகனை ஒப்படைப்பது அவள் நாவில் ஒருநாளும் புரளாத ஒரு மொழியிடம்.

முல்லைப்பாட்டிலே நப்பூதனார் ஒரு பாசறையைக் காட்டுகின்றார். தமிழறியாத மிலேச்சர் அங்கே ஏவலராக நிற்கின்றனர். அவர்கட்கு நா இருந்தும் பேச்சில்லை. கையாலும் மெய்யாலும் குறிப்புக் காட்டியே உரையாடுகின்றனர். தமிழ் மன்னன் பாசறையில் அயலார் நின்ற அந்நிலையில், இன்று நாசிக்கிலும் சபல்பூரிலும் இலக்னோவிலும் உள்ள பயிற்சி நடுவங்களில் நெல்லை இளைஞன் நிற்கின்றான். வலது எது, இடது எது என்பதைப் பக்கத்தில் நிற்பவன் காலைப் பார்த்துத் தெரிந்து கொள்கின்றான். பிந்தினால் தண்டனை. அது கால் செய்த பிழையன்று, செவி அறியாத சொல்லின் பிழை.

வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவின் நடுவத்திற்குச் செல்வோர் நிலை சற்று மேலானது. தென்னாட்டு இளைஞரே அங்கு மிகுதி. பேசுவதற்குத் துணை கிடைக்கும். குன்னூர் மலைக்குப் பெற்றோர் ஒருநாட் பயணத்தில் போய்விடவும் கூடும். ஆயினும் அங்கும் அணிவகுப்புக் களத்தின் சொற்கள் இந்தியே. நேராக நிற்க 'சாவ்தான்'. இளைப்பாறி நிற்க 'விச்ராம்'. 1758ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் அப்படைப்பிரிவின் குறிக்கோளுரையோ கீதையிலிருந்து எடுத்த வடமொழித் தொடர். இவற்றுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும் தமிழாக விடப்பட்டிருக்கின்றது. எதிரி மேற் பாயும் கணத்தில் எழுப்பும் போர் முழக்கம்: 'வீர மதராசி! அடி, கொல்லு! அடி, கொல்லு!' நிற்பதற்கும் நடப்பதற்கும் உதவாத தமிழ், கொல்வதற்கும் சாவதற்கும் உதவுகின்றது! உயிரை ஈவதற்கு ஒருவனை உந்தி எழுப்ப வேண்டுமாயின் தாய்மொழியே வேண்டும் என்பதைப் படைத்தலைவர்களே அறிந்து வைத்துள்ளனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

'படைக்கு ஒரே மொழிதான் இருக்க முடியும்; பல மொழி புகுந்தால் கட்டளை குழம்பும்' என்பர். படித்தவரும் இதனை நம்புகின்றனர். உலகம் இதனைப் பொய்ப்பித்துப் பல்லாண்டு ஆயிற்று. 1918இல் கலைந்த ஆத்திரிய-அங்கேரிப் பேரரசின் பொதுப்படையில் பத்துக்கும் மேற்பட்ட மொழியினர் இருந்தனர். அப்படைக்குப் பொதுவாக வைத்த செருமன் கட்டளைச் சொற்கள் ஏறத்தாழ எண்பது. மற்றபடி பயிற்சியும் விளக்கமும் அந்தந்தப் படைப்பிரிவின் மொழியில். ஒரு படைப்பிரிவில் ஐந்தில் ஒரு பங்கினர் ஒரு மொழியைப் பேசினால் அதுவும் அப்பிரிவின் மொழியாயிற்று. அலுவலர் தம் கீழுள்ள படைஞரின் மொழியை மூன்றாண்டிற்குள் கற்றாக வேண்டும். கற்க வேண்டியவர் தலைவர், படைஞன் அல்லன் என்பதைக் காண்க. முடியாட்சிப் பேரரசுக்கு இருந்த இவ்வறிவு குடியாட்சிக்கு ஏன் இல்லை?

பெல்சியத்தில் முதல் உலகப் போரின்போது பிளெமிய இளைஞர்களுக்குப் பிரெஞ்சிலே கட்டளை இட்டனர். அக்கொதிப்பு அடங்காமல் நின்று, 1938இல் ஒரு சட்டமாயிற்று. தாய்மொழியிலேயே பயிற்சி என்று அச்சட்டம் வரையறுத்தது. அதே 1938இல்தான் சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் இந்தியைத் திணித்துத் தமிழர் கூட்டங்கூட்டமாகச் சிறை புகுந்தனர். ஒரே ஆண்டு, இரு நாடுகள். ஒன்று திருந்திற்று. சுவிட்சர்லாந்தில் செருமன், பிரெஞ்சு, இத்தாலியம் பேசும் இளைஞர் இன்றும் தத்தம் மொழியிற் பயிற்சி பெறுகின்றனர். அந்நாடு அதனாற் சிதறிப் போகவில்லை.

இங்கும் கேட்காமல் இல்லை. 1968 சனவரி 23ஆம் நாள் அறிஞர் அண்ணாவின் அரசு தமிழகச் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்களை நீக்க வேண்டும், நடுவணரசு இசையாவிடின் அப்படைப் பிரிவுகளே வேண்டா என்றும் அதில் உரைத்தது. பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்புக்கே அன்று அவ்வளவு மானம் இருந்தது. 2023இல் நடுவண் சேமக் காவற்படையின் 9,212 பணியிடங்களுக்கான தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் என்று அறிவித்தனர். தமிழகத்துக்குரியவை 579 இடங்கள். நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்து இந்தியறிவுக்கு. தமிழக முதலமைச்சர் கண்டித்து மடல் விடுத்தார். ஏப்பிரல் 15ஆம் நாள் உள்துறை அமைச்சகம் தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மொழிகளிலும் தேர்வு நடத்துவதாக இறங்கி வந்தது. 2024 முதல் அவ்வாறே நடைபெறுகின்றது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் வாயில்தான் திறந்தது. தமிழில் தேர்வெழுதி உள்ளே சென்றவனை, உள்ளே வேறு மொழி வரவேற்கின்றது.

2022 சூன் 14 அன்று அறிவித்த 'அக்னிபாத்' திட்டம் இப்பிரிவுத் துயரத்தைப் புதிய வகையில் முறுக்கிவிட்டது. பதினேழரை அகவையிலேயே சேரலாம். பதினெட்டு நிரம்பாதவனுக்குப் பெற்றோர் கையொப்பம் வேண்டும். தாய் ஒப்பமிடும் அத்தாளின் சொல் அவளுக்குப் புரிவதில்லை. இணையத்தில் விண்ணப்பமும் ஆங்கிலம், அல்லது இந்தி. நாலாண்டு முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்க்கு மேல் நிலைப்பணி இல்லை. மற்றையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. முதலாண்டுத் திங்களூதியம் 30,000 உருபா. அதிற் கையில் வருவது 21,000. பிடித்த பணத்தோடு அரசின் பங்கும் வட்டியும் சேர்த்து முடிவில் ஏறத்தாழ 11.71 இலக்கம். அதற்கும் 'சேவா நிதி' என்றொரு வடமொழிப் பெயர். பழைய நாளில் இப்பெற்றோர் ஆறு திங்கட் பிரிவைத் தாங்கிக் கொண்டது, அதன்பின் பிள்ளைக்கு ஒரு வாழ்வு உண்டு என்னும் உறுதியால். இன்று நாலில் மூவரின் பெற்றோர், இருபத்தோரிரண்டு அகவையில் வேலையின்றித் திரும்பும் மகனுக்காகவும் இப்போதே கவலைப்பட வேண்டும். பத்தமடைத் தாய் கோரையைப் பிளந்து கொண்டே இக்கணக்கைப் போடுகின்றாள். கணக்குப் போடத் தெரியாதவள் என்று எண்ணியோர் ஏமாறுவர்.

பயிற்சி முடிவில் உறுதிமொழி அணிவகுப்பு. பெற்றோர்க்கு 'கௌரவ் பதக்' என்றொரு பதக்கம் அணிவிக்கின்றனர். அது நல்ல வழக்கம், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஈன்றவளின் நெஞ்சில் குத்தும் அவ்வணியின் பெயரை அவளுக்கு யாரேனும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. 'பெற்றோர் பெருமைப் பதக்கம்' என்று தமிழில் எழுதித் தந்தால் வாளின் கூர் மழுங்கி விடுமோ?

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாயப் படைப்பணி உண்டு. அங்கும் கட்டளைச் சொற்கள் தமிழல்ல, மலாய். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் மகன் சேரும் நாளில் பெற்றோரையும் படகிலேற்றித் தெக்கோங்குத் தீவிற்கு அழைத்துச் சென்று, அவன் படுக்கும் கட்டிலையும் உண்ணும் கூடத்தையும் காட்டி, உடன் உண்ண வைத்து அனுப்புகின்றனர். மகன் எங்கே உறங்குகின்றான் என்பதைக் கண்ணாற் கண்ட தாய், அன்றிரவு ஓரளவேனும் உறங்குவாள். நெல்லைத் தாய்க்குச் சபல்பூர் என்பது வெறும் ஓசை.

பழியனைத்தையும் தில்லியின் மேற் சுமத்திவிட்டு நாம் கை கழுவவும் கூடாது. கைப்பேசி கிடைக்காத நாளில் மடல் எழுதலாம். ஆங்கில வழிப் பள்ளியிற் பயின்ற பல மகன்களால் தாய்க்கு நாலு வரி தமிழில் பிழையற எழுத இயலவில்லை. அந்தப் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்கள் இதே பெற்றோர்தாம். மகன் எழுதத் தெரியாமல் விட்ட மடலுக்காக அஞ்சற்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாயைப் பற்றி எந்த மேடையும் பேசுவதில்லை.

தமிழகத்து இளைஞரைச் சேர்க்கும் ஒவ்வொரு பயிற்சி நடுவத்திலும் முதற் பன்னிரு கிழமைக்கேனும் தமிழில் விளக்கும் பயிற்றுநர் வேண்டும். பெற்றோர்க்கு விடுக்கும் ஒவ்வொரு மடலும், அவர் ஒப்பமிடும் ஒவ்வொரு தாளும் தமிழில் இருக்க வேண்டும். மகன் நோயுற்றால், காயமுற்றால், பெற்றோர் தொலைபேசியிற் கேட்கத் தமிழறிந்த ஓர் எழுத்தர் இருக்க வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டா, ஓர் ஆணை போதும். தமிழகத்திலிருந்து தில்லிக்குச் சென்றுள்ள மக்களவை உறுப்பினர் முப்பத்தொன்பதின்மர். பாளையங்கோட்டையில் வாக்குக் கேட்டு வந்தவரும் அவர்களுள் ஒருவர். அடுத்த முறை அவர் பொருநைப் பாலம் கடந்து வரும்போது, பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் தாய் அவரிடம் கேட்பதற்கு இம்மூன்றையும் ஒரு தாளில், தமிழில், எழுதிக் கொடுங்கள்.