தடித்த கம்பளமும் தானே ஊரும் துப்புரவுப் பெட்டியும்



வளைகுடா நாடுகளில் குடும்பத்துடன் வாழும் நம் சகோதரிகள் பலரிடமிருந்து ஒரே வகையான வினா அடிக்கடி வருகிறது. கூடம் முழுவதும் தடித்த கம்பளம் விரித்திருக்கிறார்கள். தொழுவதும், விருந்தினர் அமர்வதும், குழந்தை தவழ்வதும் அதன் மீதுதான். பாலைவனத்து நுண்மணலோ எவ்வளவு இறுகச் சாத்தினாலும் சன்னலிடுக்கு வழியே வந்து அதில் குடியேறிவிடுகிறது. இந்நிலையில், தானே ஊர்ந்து தூசி உறிஞ்சும் ரோபோ வாக்குவம் கிளீனரை வாங்கலாமா, வாங்கினால் எவ்வகையை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். ஒரு சகோதரி, தம் சிறிய மகனுக்கு இளைப்பு நோய் இருப்பதால் கம்பளத்தைத் தூசியின்றி வைக்குமாறு மருத்துவர் கூறியதாகவும், கணவர் ஓவர்டைம் செய்து சேர்த்த தொகையை இதற்கென ஒதுக்கியிருப்பதாகவும் எழுதியுள்ளார். வியர்வை சிந்திச் சேர்த்த பணமும் ஒரு பிள்ளையின் மூச்சும் இதில் அடங்கியிருப்பதால், விளம்பரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

வரலாறு கூறும் பாடம்

தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுக்கலாம் என்று இங்கிலாந்தின் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் 1901இல் செய்து காட்டினார். அவருடைய இயந்திரம் குதிரை பூட்டிய வண்டியில் தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டுமே வீட்டினுள் செல்லும். சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் என்பவர், உறிஞ்சும் விசையோடு சுழலும் தூரிகையையும் இணைத்து, 1908இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தாரின் பெயர் பின்னர் உலகெங்கும் பரவியது.

இவ்விரண்டாவது செய்தியே நமக்கு முக்கியம். வழுவழுப்பான தரையில் கிடக்கும் தூசிக்குக் காற்றின் இழுப்பு மட்டுமே போதுமானது. கம்பளத்தின் அடியில் இறங்கிய மணலுக்கு அது போதாது. இழைகளைப் பிரித்து, அடித்து, மணலை மேலே கிளப்ப ஒரு தூரிகை வேண்டும். நூறாண்டு கடந்தும் இந்த உண்மை மாறவில்லை.

வீட்டுக்கான ரோபோ 2001இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் விற்ற டிரைலோபைட் வாயிலாகவும், 2002இல் அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் வெளியிட்ட ரூம்பா வாயிலாகவும் சந்தைக்கு வந்தது. பின்னர் ரோபோராக், ஈகோவாக்ஸ், டிரீமி முதலிய சீன நிறுவனங்கள் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன.

முதலில் கம்பளத்தை அளந்து பாருங்கள்

இயந்திரத்தை ஆராயுமுன் நம் கம்பளத்தை ஆராய்வதே முறை. ஒரு தீக்குச்சியை இழைகளினூடே அடித்துணி தட்டும்வரை செங்குத்தாக இறக்கி, இழையின் நுனி எட்டும் இடத்தில் நகத்தால் அடையாளமிட்டு, அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு உட்பட்டால் அது தாழ்ந்த இழைக் கம்பளம். நல்ல ரோபோக்கள் அனைத்தும் அதில் ஓடும். 6 முதல் 12 வரை நடுத்தரம். இங்கேதான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு புலப்படத் தொடங்கும். 12ஐத் தாண்டினால் தடித்த கம்பளம். 25 மில்லிமீட்டரைக் கடந்து, கால் புதையும்படி நீண்ட இழைகளைக் கொண்ட கம்பளமாயின், பெரும்பாலான ரோபோக்கள் அதில் திணறி நின்றுவிடும். அத்தகைய கம்பளத்திற்கு ரோபோ வாங்குவது வீண் செலவு என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம்.

பாஸ்கல் கணக்கில் மயங்காதீர்

கடைக்காரர் முதலில் கூறுவது பாஸ்கல் கணக்காகவே இருக்கும். ரோபோராக் நிறுவனத்தின் எஸ்7 என்ற மாதிரி 2021இல் 2,500 பாஸ்கல் என்று வெளிவந்தது. அதே நிறுவனத்தின் எஸ்8 மேக்ஸ்வி அல்ட்ரா 2024இல் 10,000 பாஸ்கல் என்று வந்தது. மூன்றாண்டில் எண் நான்கு மடங்காகிவிட்டது. ஆனால், கம்பளத்திலிருந்து வரும் அழுக்கும் நான்கு மடங்காகும் என்று எண்ணிவிட வேண்டாம்.

காரணம் எளியது. பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. அந்த உச்ச எண் காற்றோட்டம் அடைபட்ட நிலையில் கிட்டுவது. அழுக்கைச் சுமந்து செல்வதோ ஓடுகின்ற காற்று. அழுத்தம், காற்றோட்டம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் அளவே காற்று வாட் எனப்படுகிறது. டைசன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 360 விஸ் நாவ் என்ற ரோபோவுக்கு 65 காற்று வாட் என்று அறிவித்தது. அதே நிறுவனத்தின் கையால் இயக்கும் வி15 கருவிக்கு அது ஏறத்தாழ 230. உயர்ந்த விலையுள்ள ரோபோவின் நிலையே இதுவென்றால் மற்றவற்றைக் கூற வேண்டியதில்லை.

மின்கலத்தைக் கொண்டும் இதனைக் கணக்கிடலாம். பல ரோபோக்களில் இருப்பது 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி மின்கலம். அதில் அடங்கும் ஆற்றல் சுமார் 75 வாட் மணி. அதனைக் கொண்டே சக்கரமும் தூரிகையும் உறிஞ்சும் விசிறியும் ஒரு மணி நேரத்திற்கு மேல் இயங்க வேண்டும். சுவரில் செருகி இயக்கும் சாதாரண இயந்திரமோ 900 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். ஆனையின் வேலையை ஆட்டுக்குட்டியிடம் எதிர்பார்க்கலாமா?

ஒப்பிட வேண்டியவை எவை?

முதலாவது, அடிப்பகுதித் தூரிகை. இயந்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். மலிவான சில மாதிரிகளில் உருளைத் தூரிகையே இராது; ஓர் உறிஞ்சும் துளையும் ஓரத்தில் சுழலும் சிறு தூரிகையுமே இருக்கும். அவை டைல்ஸ் தரைக்கு உரியவை, கம்பளத்திற்கு ஆகா. ஒற்றை உருளை உடையவை நடுத்தரக் கம்பளத்தைச் சமாளிக்கும். ரூம்பாவின் பல மாதிரிகளிலும் ரோபோராக் எஸ்8 வரிசையிலும் உள்ளது போன்று எதிரெதிராகச் சுழலும் இரு ரப்பர் உருளைகள் இழைகளைப் பற்றித் தட்டும் திறன் மிக்கவை. நீண்ட கூந்தலும் அவற்றில் அவ்வளவாகச் சுற்றிக்கொள்வதில்லை. பெண்மக்கள் நிறைந்த வீட்டுக்கு இது சிறிய வசதியன்று.

இரண்டாவது, சக்கரமும் உடலின் உயரமும். வட்டப் பெட்டியின் வயிறு இழைகளில் அமிழ்ந்துவிட்டால் சக்கரத்திற்குப் பிடிமானம் போய்விடும். பொதுவாக இவை 20 மில்லிமீட்டர் அளவுள்ள விளிம்பை ஏறும் என்பர். அது கெட்டியான நிலைப்படியைக் கொண்டு சொல்லப்படும் கணக்கு. மெத்தென்று அமிழும் கம்பளத்தில் அந்த அளவை எதிர்பார்க்க இயலாது. அண்மைக்கால உயர் மாதிரிகள் சில, தம் உடலைத் தாமே 10 மில்லிமீட்டர் வரை உயர்த்திக்கொள்ளும். கனத்த கம்பளத்திற்குக் கூடுதல் விலை கொடுப்பதாயின், பாஸ்கலுக்குக் கொடுப்பதைவிட இந்த வசதிக்குக் கொடுப்பது அறிவுடைமை.

மூன்றாவது, கம்பளத்தை அறியும் திறன். நல்ல மாதிரிகள் ஒலியலை உணரியாலோ தூரிகைக்கு ஏற்படும் தடையாலோ கம்பளத்தை அறிந்து, அங்கு மட்டும் விசையைக் கூட்டும். இத்திறன் இல்லாதவை எங்கும் ஒரே விசையில் ஓடும்.

நான்காவது, ஈரத் துடைப்பான். துடைக்கும் துணியும் சேர்ந்த மாதிரிகளில், கம்பளம் வந்ததும் துணியை உயர்த்தும் வசதி உண்டா எனக் கேளுங்கள். 5 மில்லிமீட்டர் உயர்வது 15 மில்லிமீட்டர் இழைக்கு என்ன பயன் தரும்? ஈரத்துணி இழைகளில் உரசிக்கொண்டே போகும். ரூம்பா காம்போ ஜே7 போன்று துணியை இயந்திரத்தின் தலைமேலேயே ஏற்றிவிடுபவையும், துணியைத் தம் நிலையத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருபவையும் தடித்த கம்பளத்திற்கு ஏற்றவை.

ஐந்தாவது, கம்பளத்தின் நிறம். படிக்கட்டிலிருந்து விழாமலிருக்க இவற்றின் அடியில் அகச்சிவப்பு உணரிகள் உள்ளன. கறுப்புக் கம்பளம் அக்கதிரை விழுங்கிவிடுவதால், பள்ளம் என்று அஞ்சி இயந்திரம் பின்வாங்கிவிடும். கறுப்பும் அடர்சிவப்புமாகப் பூவேலை செய்த கம்பளம் உடையோர் இதனைக் கருத்தில் கொள்க. குஞ்சம் வைத்த விளிம்பும் இவற்றுக்குப் பகை. அதனை உள்ளே மடித்துவிட வேண்டும். தொழுகை விரிப்புகளை எடுத்து வைத்துவிட்டே இயந்திரத்தை ஓடவிட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

திருப்பிக் கொடுக்கும் உரிமையோடு வாங்கியிருந்தால், அக்கெடு முடியுமுன் இதனைச் செய்யுங்கள். சமையலறைத் தராசில் 50 கிராம் உலர்ந்த மணலை நிறுத்து, ஒரு மீட்டர் சதுரப் பரப்பில் தூவிக் காலால் நன்கு மிதித்து இறக்குங்கள். இயந்திரத்தின் தூசிக் கிண்ணத்தைக் காலியாக நிறுத்துக் குறித்துக்கொண்டு, அப்பகுதியில் இருமுறை ஓடவிட்டு மீண்டும் நிறுங்கள். எத்தனை கிராம் கூடியது என்பதே உண்மையான மதிப்பெண். பின்னர் கையால் இயக்கும் இயந்திரத்தைக் கொண்டு எஞ்சியதை எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கூடங்களும் மணலும் முகப்பவுடரும் கலந்த கலவையைக் கம்பளத்தில் அழுத்தி இறக்கி, ஏறக்குறைய இம்முறையிலேயே சோதிக்கின்றன.

பிள்ளையின் இளைப்புக்கு இது மருந்தாகுமா?

இவ்வினாவுக்கு மிகுந்த கவனத்துடன் விடை கூற வேண்டும். இளைப்பைத் தூண்டுவனவற்றுள் முக்கியமானது தூசிப் பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய இவ்வுயிரி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளை உண்டு வாழ்வது. இதன் கழிவே மூச்சுக்குழலைப் பாதிக்கிறது. உயிருள்ள பூச்சி இழையைப் பற்றிக்கொண்டிருப்பதால் எந்த உறிஞ்சும் இயந்திரமும் அதனை முற்றாக அகற்றிவிடாது. அத்துடன், கம்பளத்தைவிடப் பிள்ளையின் மெத்தையும் தலையணையுமே அதன் முதன்மையான உறைவிடங்கள்.

ஆகவே, அச்சகோதரி ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை முதலில் வேறு வழியில் செலவிடட்டும். பிள்ளை உறங்கும் அறையிலிருந்து கம்பளத்தை அறவே எடுத்துவிடுவது நல்லது. மெத்தைக்கும் தலையணைக்கும் தூசிப் பூச்சி புகாத உறை இட வேண்டும். விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னர் ரோபோ வாங்குவதாயின், நுண்துகளைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகத் தேர்ந்து, பிள்ளை பள்ளி சென்றிருக்கும் வேளையில் ஓடவிட்டு, கிண்ணத்தைப் பிள்ளை இல்லாத இடத்தில் கொட்ட வேண்டும். மருத்துவர் தந்த மருந்தை இயந்திரத்தை நம்பி ஒருநாளும் நிறுத்தலாகாது.

வீட்டினுள் ஒரு கண்

நம் குடும்பங்கள் மறந்துவிடக் கூடாத செய்தி ஒன்றுண்டு. பல ரோபோக்களில் வழியறிவதற்காகக் கேமரா உள்ளது. ரூம்பாவின் சோதனை மாதிரிகள் எடுத்த வீட்டுப் படங்கள், அவற்றை வகைப்படுத்தும் ஊழியர்கள் வழியே வெளியில் பரவியதை 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளிப்படுத்தியது. அப்படங்களுள் கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. சோதனைக்கு உடன்பட்டவர்களின் வீடுகள் அவை என்பது நிறுவனத்தின் விளக்கம். 2024இல் அமெரிக்காவில் ஈகோவாக்ஸ் எக்ஸ்2 மாதிரிகள் சில அந்நியரால் ஊடுருவப்பட்டு, அவற்றின் ஒலிபெருக்கி வழியே வசைமொழி கேட்டதும் செய்தியாயிற்று.

பெண்மக்கள் திரையின்றி நடமாடும் இல்லத்தில் இது அற்பமான செய்தியன்று. கேமராவின்றி லேசர் ஒளியால் அறையை அளந்து செல்லும் மாதிரிகள் தாராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அவற்றையே நாடுங்கள் என்பது நம் அழுத்தமான கருத்து.

நிறுவனத்தின் ஆயுளையும் எண்ணுக. நீட்டோ என்ற பழைய நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. எனவே, உருளையும் வடிகட்டியும் மின்கலமும் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, கைபேசியின் துணையின்றிப் பொத்தானை அழுத்தினாலே இயங்குமா என்று கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

முடிவாக

ஆயின், ரோபோவால் பயனே இல்லையா? உண்டு. கையால் இயக்கும் இயந்திரத்தை வாரம் ஒருமுறை எடுப்பதற்கே நமக்கு நேரமில்லை. ரோபோவோ நாள்தோறும் சலிக்காமல் ஓடும். இன்று விழுந்த மணல் நாளை மிதிபட்டு அடியில் இறங்கி இழையின் வேரை அறுக்குமுன் அதனை மேற்பரப்பிலேயே எடுத்துவிடும். முழங்கால் வலியால் குனிய இயலாத தாய்மார்களுக்கு அது பெரும் உதவி. ஆகவே நாளும் ரோபோ, வாரம் ஒருமுறை கைக்கருவி, ஆண்டுக்கொரு முறை கம்பளத்தை முறையாக அலசுதல் என்று மூன்றும் சேர்ந்தால்தான் தடித்த கம்பளம் தூய்மையாகும். இருப்பது ஒன்றுக்கே பணம் என்றால், சுழலும் தூரிகை பொருந்திய நல்ல கைக்கருவியையே வாங்குங்கள்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. தூசி நீங்குவது வேறு. நஜீஸ் நீங்குவது வேறு. குழந்தையோ பூனையோ அசுத்தம் செய்த இடத்தில் இவ்வியந்திரம் ஓடினால், அதனை வீடெங்கும் இழுத்துப் பூசிவிடும். அவ்விடத்தைக் கண்டு, நீர் ஊற்றிக் கழுவித் தூய்மை செய்யும் பொறுப்பு என்றும் வீட்டாருடையதே. எந்தப் பெட்டியும் அதனை நம் தோளிலிருந்து இறக்கி வைத்துவிடாது.